‘எச்’ போட்ட ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி: எண்டோமெட்ரியோசிஸும் நோயெதிர்ப்புப் பரிசோதனைகளும்

சி.ஏ. 125: 58, எச். என்.கே. செல்: 18 சதவீதம், எச். ஏ.என்.ஏ.: பாசிட்டிவ். எண்ணுக்குப் பக்கத்தில் ‘அளவு கூடுதல்’ என்று சொல்லும் அந்த ‘எச்’ கொட்டை எழுத்தில் இருந்தால் போதும், அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். மாசாமாசம் சுருண்டு படுக்க வைக்கும் வலி ஒருபக்கம், பார்க்கிறவர்கள் எல்லாம் “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்பது மறுபக்கம். இதற்கு நடுவில் “உங்க உடம்பே கருவை அடிச்சு விரட்டுது” என்று யாராவது சொல்லிவிட்டால், அந்தப் பெண் தன் உடம்பின் மேலேயே பழி போட்டுக்கொள்கிறாள். அந்த மூன்று எண்களை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது.

கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இந்த நோயில் நோயெதிர்ப்பு மண்டலம் மாறியிருப்பது உண்மை. ஆனால் அந்த மாற்றத்தைக் கையில் எடுக்கும் ரத்தத்தில் அளந்து, அதை வைத்து மருந்து கொடுப்பது இன்னும் நிலைபெறாத வேலை. வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் இருந்து இந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்காக எழுதியது இது. எந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்கலாம், ரத்தம் எப்போது எப்படிக் கொடுக்க வேண்டும், வந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும், எதை வேண்டாம் என்று சொல்லலாம் என்பதைப் பார்ப்போம்.

வயிற்றுக்குள் நடப்பது

மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னால் திரும்பி வயிற்றுக்குள் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-லேயே இதை எண்டோமெட்ரியோசிஸுக்குக் காரணமாகச் சொன்னார். மற்றவர்களுக்கு வயிற்றில் இருக்கும் விழுங்கு செல்கள், அதாவது மேக்ரோஃபேஜ்கள், அதைத் துடைத்துவிடுகின்றன. இந்த நோயில் அந்தச் செல்கள் கூட்டமாக வந்தும் துடைக்கும் வேலையை ஒழுங்காகச் செய்வதில்லை. அதற்குப் பதில் ஐ.எல். 6, ஐ.எல். 8, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரக்கின்றன. புது ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அங்கே முளைக்கின்றன. வேண்டாத செல்களைத் தாக்கி அழிக்கும் வெள்ளையணுக்களான என்.கே. செல்களின் தாக்கும் திறனும் இந்தப் பெண்களின் வயிற்று நீரில் குறைந்திருக்கிறது. இந்தக் ‘குறைந்திருக்கிறது’ என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இவ்வளவும் நடப்பது இடுப்புக்குழியில் இருக்கும் சில கரண்டி நீரில். சினைப்பையும் கருக்குழாயின் நுனியும் அந்த நீரில்தான் நனைந்து கிடக்கின்றன. விந்தணுவின் ஓட்டம், முட்டையைக் குழாய் பிடித்து உள்ளே இழுப்பது, கரு வளர்வது எல்லாமே அதனால் பாதிக்கப்படலாம். கையில் குத்தி எடுக்கும் ரத்தமோ உடம்பு முழுக்கச் சுற்றும் நாலரை லிட்டரில் ஒரு சிறு பங்கு. காசிமேடு துறைமுகத்துக்குள் தண்ணீரில் எவ்வளவு டீசல் மிதக்கிறது என்று அறிய, எண்ணூர் கடலில் ஒரு சொம்பு மொண்டு பார்ப்பது மாதிரி அது. அதனால்தான் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ரத்தம், மாதவிலக்கு ரத்தம், கருப்பைத் திரவம், கருப்பை உட்சவ்வு என எதில் அளக்கும் குறிப்பான்களை வைத்தும் எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

சி.ஏ. 125

இது நேரடியான நோயெதிர்ப்புக் குறிப்பான் இல்லை. வயிற்று உறையும் கருப்பை உட்சவ்வும் எரிச்சலடையும்போது ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். ஆனாலும் எல்லாத் தொகுப்புப் பரிசோதனையிலும் இதைச் சேர்த்துவிடுகிறார்கள். பொதுவான மேல் எல்லை மில்லிலிட்டருக்கு 35 யூனிட்.

முதல் தவறு, நாள் பார்க்காமல் ரத்தம் கொடுப்பது. மாதவிலக்கின்போது ஆரோக்கியமான பெண்ணுக்கே இது ஏறும். ரத்தப்போக்கு முழுக்க நின்று மூன்று நாளாவது போன பிறகு கொடுங்கள். வலி தாங்காமல் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே எடுத்த ரத்தத்தில் 58 வந்திருந்தால், அந்த எண்ணைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டாவது தவறு, 35-க்குக் கீழே வந்தால் நோய் இல்லை என்று நினைப்பது. ஆரம்ப நிலையில் பலருக்கு நார்மலாகவே இருக்கும். மூன்றாவது, கூடுதலாக வந்தால் எண்டோமெட்ரியோசிஸ் என்று முடிவு கட்டுவது. ஃபைப்ராய்டு, அடினோமையோசிஸ், இடுப்புக்குழித் தொற்று, ஆரம்பக் கர்ப்பம், வயிற்றுக் காசநோய், சினைப்பைப் புற்று என எல்லாவற்றிலும் கூடும். வயிறு உப்பி நீர் கோத்திருந்தாலோ, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு சேர்ந்திருந்தாலோ, குழந்தைப் பேச்சை ஒரு வாரம் ஒத்திவைத்துவிட்டு முதலில் காசநோயையும் புற்றையும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

இந்த நோயைப் பார்க்க வேண்டிய வழி ஸ்கேன். கீழ்வழியாக எடுக்கும் உள் ஸ்கேனில் சாக்லேட் கட்டி, அதாவது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி, அரைத்த கண்ணாடி போன்ற சீரான சாம்பல் நிறத்தில் தெரியும். ஸ்கேன் எடுப்பவர் கருவியை லேசாக அழுத்தி, கருப்பையும் பின்னால் இருக்கும் குடலும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். வழுக்காவிட்டால் உள்ளே ஒட்டிப்போயிருக்கிறது என்று அர்த்தம். “ஒட்டுதல் இருக்கான்னு பார்த்து எழுதிக் குடுங்க” என்று ஸ்கேன் எடுக்கும் முன்பே கேளுங்கள். கேட்டால்தான் பல இடங்களில் அதை எழுதுகிறார்கள்.

என்.கே. செல்

‘இயற்கையாகக் கொல்லும் செல்’ என்ற பெயரே வேண்டாத பயத்தைக் கிளப்புகிறது. ரத்தத்தில் ஓடும் என்.கே. செல்லும் கருப்பையில் இருக்கும் என்.கே. செல்லும் வேறு வேறு வகை. கருப்பையில் இருப்பவை கருவைக் கொல்வதில்லை. நச்சுக்கொடிக்கு ரத்தம் போகும் குழாய்களை அகலப்படுத்த உதவுபவை அவை. ரத்தத்தில் எண்ணிக்கை கூடினால் கருப்பையிலும் கூடியிருக்கும் என்று சொல்ல முடியாது. கருப்பையில் திசு எடுத்து எண்ணினாலும், சுழற்சியின் எந்த நாளில் எடுத்தோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை தாறுமாறாக மாறும்.

ரத்தத்தில் 5 முதல் 15 சதவீதம் என்று பல லேப்கள் எல்லை போடுகின்றன. ஆனால் எல்லை லேபுக்கு லேப் வேறு. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த உடனே ரத்தம் எடுத்தால் கூடும். ஊசிக்குப் பயந்தால் கூடும். காலை, மாலை வித்தியாசமும் உண்டு. அதனால் 18 என்பது நோயின் பெயர் கிடையாது.

இப்போது மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். எண்டோமெட்ரியோசிஸில் ஆய்வுகள் காட்டிய குறை, என்.கே. செல் பலவீனமாக இருப்பது. அப்படியிருக்க, அதே பெண்ணுக்கு ‘என்.கே. செல்லை அடக்க’ என்று இன்ட்ராலிப்பிட் டிரிப்பும் ஸ்டீராய்டும் ஏற்றுவதற்கு என்ன நியாயம்? இதை டாக்டரிடம் மரியாதையாக, நேராகவே கேட்கலாம்.

இன்ட்ராலிப்பிட் என்பது சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் சேர்ந்த பால் போன்ற திரவம். வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பு வழியாகக் கொழுப்புச் சத்து கொடுக்க உருவானது. சோயா, முட்டை, வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் ஆபத்து. ஐ.வி.ஐ.ஜி. பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம். விலையும் அதிகம், தலைவலி, ரத்தம் உறைதல் போன்ற பக்க விளைவுகளும் உண்டு. கணவரின் வெள்ளையணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போடும் முறையை, ஆய்வு அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002-லேயே சொல்லிவிட்டது. கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் பிரிட்டன் ஆணையம், குழந்தைப்பேறுக்கான நோயெதிர்ப்புப் பரிசோதனைகளுக்கும் சிகிச்சைகளுக்கும் சிவப்பு மதிப்பீடுதான் கொடுத்திருக்கிறது. ஐ.எல். 6, டி.என்.எஃப். ஆல்ஃபா, டி.எச். 1, டி.எச். 2 என்ற இரு வகை வெள்ளையணுக்களின் விகிதம் என்று பெரிய தொகை வாங்கி எடுக்கும் தொகுப்புகளுக்கும் இதே பதில்தான். ஆய்வுக்கூடத்தில் அவை பயனுள்ளவை. உங்கள் மருந்துச் சீட்டை மாற்ற அவற்றுக்கு இன்னும் தகுதி வரவில்லை.

எடுக்க வேண்டியவை

ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “டாக்டர், இது நார்மலா வந்தா என்ன செய்வீங்க, கூடுதலா வந்தா என்ன செய்வீங்க?” இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தப் பரிசோதனை தேவையில்லை. கீழே உள்ளவற்றுக்கு இரண்டு வேறு பதில்கள் உண்டு.

தைராய்டு: டி.எஸ்.எச். எல்லோருக்கும் பார்க்க வேண்டும். 2.5-ஐத் தாண்டினால் ஆன்ட்டி டி.பி.ஓ. எதிர்ப்பொருளும் பார்ப்பது உதவும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைய மாத்திரையைப் போடும் முன்பு ரத்தம் கொடுங்கள்.

ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள்: ரத்தத்தைத் தேவையில்லாமல் உறைய வைப்பவை. இந்தப் பரிசோதனை இரண்டு தடவையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களுக்கும், காலில் அல்லது நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும். ஒரு தடவைகூடக் கருத்தரிக்காதவருக்கு வழக்கமாகத் தேவையில்லை. மூன்றும் சேர்ந்துதான் ஒரு பரிசோதனை: லூபஸ் ஆன்ட்டிகோயாகுலன்ட், ஆன்ட்டிகார்டியோலிப்பின், பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன் 1. இங்கேதான் லேப் தவறு அதிகம் நடக்கிறது. லூபஸ் பரிசோதனைக்கு நீல மூடிக் குழாயில், குறித்திருக்கும் கோடு வரை ரத்தம் இருக்க வேண்டும். சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு என்பது கணக்கு. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, உறையும் நேரம் பொய்யாக நீளும். பிறகு பிளாஸ்மாவை இரண்டு முறை சுழற்றித் தட்டணுக்களை நீக்க வேண்டும். ஒரே முறை சுழற்றி உறைய வைத்தால், உடைந்த தட்டணுக்களின் கொழுப்பு எதிர்ப்பொருளை மறைத்துவிடும். ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் வந்தால்தான் நோய். காய்ச்சலுக்குப் பிறகு தற்காலிகமாக வந்து மறைவது சகஜம். உறுதியானால் கர்ப்பத்தில் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுப்பதால் பலன் உண்டு. நோயெதிர்ப்புப் பரிசோதனைகளிலேயே சிகிச்சையை உண்மையாக மாற்றுவது இதுதான்.

ஏ.என்.ஏ. என்பது சொந்தச் செல்களின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள். 1:80 என்ற அளவில் நல்ல ஆரோக்கியமுள்ள பெண்களிலும் பத்தில் ஒருவருக்குப் போல் பாசிட்டிவ் வரும். மூட்டு வீக்கம், முகத்தில் வெயில் பட்டால் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம் போன்றவை இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

காசநோய்: நம் பகுதியில் இதை மறக்கவே கூடாது. கருக்குழாய்க் காசநோயும் எண்டோமெட்ரியோசிஸும் ஸ்கேனிலும் சி.ஏ. 125-லும் ஒன்று போலவே தோன்றலாம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கருப்பை உட்சவ்வில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். அந்தத் துண்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றை பார்மலினிலும் மற்றதைச் சாதாரண சலைனிலும் போட வேண்டும். எல்லாவற்றையும் பார்மலினில் போட்டால் கிருமி செத்துப்போகும், கல்ச்சர் வளரவே வளராது. அப்புறம் ‘நெகட்டிவ்’ என்று வரும் ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. எடுக்கும் முன்பே “ரெண்டு டப்பா வச்சிருக்கீங்களா?” என்று நர்ஸிடம் கேட்பதில் தப்பில்லை. கையில் போடும் மான்டூ ஊசி வீங்கியதை வைத்தோ, பி.சி.ஆர். ஒன்றை மட்டும் வைத்தோ ஆறு மாத மருந்து ஆரம்பிக்கச் சொன்னால், வேறு ஆதாரமும் உண்டா என்று கேளுங்கள். உறுதியானால் மருந்து அரசு மையங்களில் இலவசம்.

ஏ.எம்.எச்.: சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஹார்மோன். நோயெதிர்ப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சாக்லேட் கட்டி ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பு கட்டாயம் வேண்டும். கட்டியின் தோலை உரிக்கும்போது நல்ல முட்டைகளும் சேர்ந்து போகும், இரண்டு பக்கமும் எடுத்தால் இன்னும் அதிகம். அலகைப் பாருங்கள்: 1.4 நானோகிராமும் 10 பிகோமோலும் ஒன்றேதான், 7.14-ஆல் பெருக்கினால் வரும். ஒரு லேபில் 1.4, இன்னொன்றில் 10 என்று பார்த்து “ஏறிடுச்சு” என்று சந்தோஷப்பட்டு ஆறு மாதத்தை விட்டுவிடாதீர்கள்.

இவற்றோடு கணவரின் விந்துப் பரிசோதனை. மனைவிக்கு இருபது வகை ரத்தப் பரிசோதனை முடிந்தும் இது மட்டும் எடுக்காமல் இருக்கும் ஃபைல்கள் உண்டு. “எங்க பையனுக்கு ஒண்ணுமில்ல” என்று அத்தை சொன்னாலும் எடுத்தே ஆக வேண்டும். உறவுக்கு 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்தால் போதும்.

ரத்தம் கொடுக்கும் நாள்

முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரையோ கம்மியோ சாப்பிடுகிறீர்களா? 5, 10 மில்லிகிராம் அளவில் அது பல லேப் இயந்திரங்களை ஏமாற்றும். டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம், சில எதிர்ப்பொருள்கள் கூடுதலாகக் காட்டலாம். மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சளி, காய்ச்சல், தடுப்பூசி முடிந்து இரண்டு வாரம் போகட்டும். வந்தவுடன் நீட்டாமல் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கை நீட்டுங்கள்.

தெருமுனையில் இருக்கும் கலெக்‌ஷன் சென்டர் ரத்தத்தை வாங்கி வேறு இடத்துக்கு அனுப்புகிறது. “வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும்?” என்று கேட்டு அதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். லூபஸ் பரிசோதனை 4 மணி நேரத்துக்குள் பிரிக்கப்பட வேண்டியது, அதனால் சென்டரில் கொடுக்காமல் மெயின் லேபுக்கே போய்விடுவது நல்லது. மே மாத வெயிலில் பைக் பெட்டியில் சுற்றும் ரத்தத்தை நம்பி 12 வாரக் கணக்கை ஆரம்பிக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் இந்த வகைப் பரிசோதனை வேண்டாம்.

வீட்டில் ஒரு நோட்டில் கோடு போட்டு, தேதி, மாதவிலக்கின் எத்தனாவது நாள், எந்த லேப், அலகு, அப்போது சாப்பிட்ட மாத்திரை என்று எழுதி வையுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் டைனோஜெஸ்ட் மாத்திரையோ மாதாந்திர ஹார்மோன் ஊசியோ ஓடும்போது சி.ஏ. 125 இறங்கும். அது மருந்தின் வேலை.

வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா வழியாகப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்துவிட்டார்கள் என்றால், என்.கே. செல்லைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ள எண் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஈ.எஃப்.ஐ. என்று பெயர், 0 முதல் 10 வரை. வயது, எத்தனை வருடமாகக் குழந்தைக்கு முயற்சி, முன்பு கருத்தரித்ததா, ஆபரேஷன் முடிவில் குழாயும் சினைப்பையும் எவ்வளவு வேலை செய்யும் நிலையில் இருக்கின்றன என்பதை எல்லாம் சேர்த்துப் போடும் கணக்கு. மதிப்பெண் நன்றாக இருந்தால் இயற்கையாக முயல நேரம் உண்டு. குறைவாக இருந்தாலோ, வயது 35-ஐத் தாண்டியிருந்தாலோ, சீக்கிரமே ஐ.வி.எஃப். பற்றிப் பேசலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நிலை 3’ என்று மட்டும் எழுதினால் போதாது. இந்த எண்ணையும் எழுதச் சொல்லுங்கள், வீடியோ பதிவையும் பென் டிரைவில் கேளுங்கள்.

அரசு மருத்துவமனையில் காட்ட நினைப்பவர்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி இரண்டும் பக்கம். எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனைக்குத் திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கே மாறினால் அடுத்த ஸ்டேஷன். காலையிலேயே போங்கள். எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் அடுக்கி, மேலே கடைசி ஸ்கேனையும் அந்த நோட்டையும் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் டாக்டர் பார்க்க வேண்டியது அந்த இரண்டும்தான்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு ஆரம்பித்திருந்தால்

இதைப் படித்துவிட்டு பிரெட்னிசலோனை இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி வரலாம். எழுதிக் கொடுத்தவரிடமோ வேறு டாக்டரிடமோ போய் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை கேளுங்கள். அதுவரை சர்க்கரையும் பி.பி.யும் பாருங்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலோ, உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, உடனே சளிப் பரிசோதனை செய்யுங்கள். ஸ்டீராய்டு தூங்கும் காசநோயை எழுப்பிவிடும். சாக்லேட் கட்டி இருக்கும்போது திடீரென ஒரு பக்கம் கடுமையான வலியோ, குளிர் காய்ச்சலோடு வயிற்று வலியோ வந்தால், அது கட்டி முறுக்கிக்கொண்டதாகவோ, வெடித்ததாகவோ, சீழ் பிடித்ததாகவோ இருக்கலாம். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும் என்பதால் டெம்பரேச்சர் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.